காய்ச்சலை உண்டாக்குவது வைரஸா, நம் உடம்பா? செட் மாத்திரை வாங்கிக் கொடுத்தபின் வந்த சந்தேகம்

கல்மண்டபம் மாமா
செவ்வாய், இரவு 9.20

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கிறோம். அக்கா மகனுக்கு 11 வயது. ஞாயிறு சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். நேற்று நான் வேலையில் மாட்டிக்கொண்டேன். அக்கா தெருமுனை மருந்துக் கடையில் "புள்ளைக்கு ஜுரம், ஒரு செட்டு குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். வேளைக்கு நாலு மாத்திரையாகக் காகிதத்தில் மடித்தது. ஒரு வேளை போட்டதும் ஒன்றரை மணி நேரத்தில் உடம்பு சில்லென்று ஆனது. பையன் மொட்டை மாடிக்குப் போய்ப் பந்து விளையாடினான். ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி 103.

மாடி வீட்டில் மைக்ரோபயாலஜி படிக்கும் பெண் ஒன்று இருக்கிறது. "மாமா, இந்தக் காய்ச்சலை வைரஸ் நேரடியாக உண்டாக்கவில்லை. செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரந்து அவன் உடம்பே உண்டாக்குகிறது. அது வைரஸோடு நடக்கும் சண்டை" என்றது. பக்கத்தில் இருந்த என் சித்தப்பா விடவில்லை. "கொரோனாவில் ஆளைக் கொன்றதே சைட்டோகைன் புயல்தானே? அதை அமுக்கத்தானே ஸ்டீராய்டு கொடுத்தார்கள்?" என்கிறார். ஒரே பொருளை ஒருவர் காவல்காரன் என்கிறார், இன்னொருவர் கொலைகாரன் என்கிறார். பையனைப் பார்த்துக்கொள்கிற எனக்கு இதில் எது சரி என்று தெரிய வேண்டும்.

கொருக்குப்பேட்டை லேப்
செவ்வாய், இரவு 9.41

தம்பி, சைட்டோகைன் கதை அப்புறம். முதலில் அந்தக் காகிதத்தைப் பிரித்து மீதி மாத்திரைகளைப் பாருங்கள். என்ன நிறம், என்ன அளவு?

கல்மண்டபம் மாமா
செவ்வாய், இரவு 9.48

ஒரு பெரிய வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள், ஒரு கேப்சூல், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி வெள்ளை. அட்டையை வெட்டாமல் உதிர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் எதிலும் இல்லை.

கொருக்குப்பேட்டை லேப்
செவ்வாய், இரவு 10.05

அந்தக் குட்டி மாத்திரைதான் எனக்கு உறுத்துகிறது. பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் காய்ச்சல் செட்டில் அந்த அளவில் வருவது பல நேரம் ஸ்டீராய்டு. ஒரு வேளைதான் போயிருக்கிறது, பதற வேண்டாம். மீதியைக் கொடுக்காதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். நாளைக் காலை டாக்டரிடம் காகிதத்தோடு காட்டுங்கள்.

இது மழைக்காலம். வீட்டு வாசலில் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிற ஊர் நம்முடையது. அதனால் ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனையும் முழு ரத்த எண்ணிக்கையும் கேட்டு வாங்குங்கள். என்.எஸ்.1 முதல் நாலைந்து நாளில் செய்தால்தான் நன்றாகப் பிடிக்கும். செட் சாப்பிட்டதை லேபிலும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு போனால் வெள்ளணு எண்ணிக்கை தானாக ஏறும், ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் குழம்பிப் போவார்.

பெரம்பூர் டீச்சர்
செவ்வாய், இரவு 10.50

லேப் தம்பி சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவள். நோயெதிர்ப்பு என்றால் ஆன்டிபாடி என்று மட்டுமே நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அது பாதிக் கதைதான். புது வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி போதுமான அளவில் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஆளைத் தாங்கிப் பிடிப்பது யார்?

வைரஸ் செல்லுக்குள் போனதும் தன் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்கும். அந்த நகல் நம் சொந்த ஆர்.என்.ஏ. மாதிரி இருக்காது. நுனி வேறு மாதிரி இருக்கும், இரட்டை இழையாகக் கிடக்கும். செல்லுக்குள்ளேயே அதை மோப்பம் பிடிக்கிற புரதங்கள் இருக்கின்றன. ரிக்-ஐ என்பது அதில் ஒன்று. அது தொட்ட சில மணி நேரத்தில் செல் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனை வெளியே விடும். இன்டர்ஃபெரான் போய் வைரஸைக் கடிக்காது. பக்கத்துச் செல்களின் மேல் ஒட்டி, அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். ஒரு நொதி புரத உற்பத்தியையே நிறுத்தி வைக்கும், இன்னொன்று ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டும். அப்புறம் வைரஸ் அங்கே போனாலும் பெருகுவது கஷ்டம்.

இதைக் கண்டுபிடித்தது 1957இல். லண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் என்று இரண்டு பேர். சூடாக்கிச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸைக் கோழி முட்டைக்குள் இருக்கும் சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்த நீரை எடுத்துப் புதுச் சவ்வில் விட்டார்கள். உயிருள்ள வைரஸைப் போட்டாலும் அந்தப் புதுச் சவ்வில் அது சரியாக வளரவில்லை. சவ்வு எதையோ சுரந்திருக்கிறது என்று புரிந்து, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

கூடவே வருபவை டி.என்.எஃப்., இன்டர்லியூகின்-1, இன்டர்லியூகின்-6. அழற்சி சைட்டோகைன் என்று சொல்வது இவற்றை. ரத்தக் குழாயின் உள்சுவரைக் கொஞ்சம் நெகிழவிட்டு, வெள்ளணுக்கள் வெளியேறி நோய் இருக்கிற இடத்துக்குப் போக வழி செய்வது இவைதான். மூளையில் வெப்பத்தை ஆளுகிற இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் கூட்டி அளவை 98லிருந்து 103க்கு ஏற்றுவதும், கல்லீரலுக்குச் சொல்லிச் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கொட்ட வைப்பதும் இவைதான். சோறு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், படுத்துக்கொள்கிறேன் என்று பிள்ளை சுருண்டு கொள்வதும் இவை மூளைக்குச் சொல்லித்தான். ஆக, மாடி வீட்டுப் பெண் சொன்னது சரி.

காசிமேடு விசைப்படகு
புதன், காலை 5.15

டீச்சர் சொன்னதைக் கரைக்கு வந்ததும் ரெண்டு தடவை படித்தேன். எங்களுக்கு இது புதுசு இல்லை. இரண்டு வருஷம் முன்னால் நவம்பரில் எங்கள் படகு நடுக்கடலில் காற்றில் மாட்டியது. எங்கள் டிரைவர் வயர்லெஸைப் பிடித்து "காத்து திரும்பிடுச்சு, யாரும் மேல வராதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். எங்களுக்கு அதில் ஒரு பலனும் இல்லை. வலை முழுக்கப் போனது, இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் பின்னால் வந்த பதினோரு படகும் திரும்பிவிட்டது. வைரஸ் புகுந்த செல்லுக்கும் இந்தக் கதிதானா டீச்சர்? அது பிழைக்குமா?

பெரம்பூர் டீச்சர்
புதன், காலை 6.30

பெரும்பாலும் பிழைக்காது தம்பி. பல நேரம் அது தானே செத்துப் போகும், இல்லை கொல்லும் செல்கள் வந்து முடித்துவிடும். உங்கள் டிரைவர் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது. வகுப்பில் இப்படி ஒரு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருக்கிறது.

திருவொற்றியூர் மகன்
புதன், காலை 8.10

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ்-சி இருந்தது. இப்போது மூன்று மாத மாத்திரையில் குணமாக்குகிறார்கள். பதினைந்து வருஷம் முன்னால் அது கிடையாது, இன்டர்ஃபெரான் ஊசிதான், வாரத்துக்கு ஒன்று, 24 வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் போட்டுக்கொள்வார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி, வயிற்றுச் சதையைப் பிடித்து நான்தான் குத்துவேன். ஒன்பது மணிக்கெல்லாம் பல் கிட்டும். இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குவார். கை கால் முறிக்கிற வலி, 102 காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்காருவார்.

அந்த ஊசிக்குள் ஒரு வைரஸும் இல்லை. வெறும் இன்டர்ஃபெரான். ஃப்ளூ வந்தவர் எப்படிக் கிடப்பாரோ அச்சு அசல் அப்படியே கிடந்தார். மூன்றாவது மாதத்தில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி இருக்க ஆரம்பித்தார். மனச்சோர்வும் அந்த மருந்தின் வேலைதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. கடைசியில் வைரஸ் போய்விட்டது. அப்பா இன்றைக்கும் இருக்கிறார். காய்ச்சல் யாருடைய வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைகள்தான் ஞாபகம் வரும்.

வியாசர்பாடி தம்பி
புதன், காலை 11.25

எல்லோரும் சைட்டோகைனைத் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். என் அண்ணனை 2021 மே மாதம் பறிகொடுத்தேன். 41 வயது. இன்டர்லியூகின்-6 எகிறிவிட்டது என்று ரிப்போர்ட் காட்டினார்கள். நுரையீரலை வைரஸ் தின்னவில்லை, அவன் உடம்பேதான் தின்றது என்று டாக்டர் சொன்னார். அந்த மாதம் ஸ்டீராய்டில் பிழைத்த எத்தனையோ பேரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். அழற்சிதான் எதிரி. எவ்வளவு சீக்கிரம் அமுக்குகிறோமோ அவ்வளவு நல்லது. தம்பி, அந்தக் குட்டி மாத்திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

வார்டு அக்கா
புதன், மதியம் 2.40

வியாசர்பாடி தம்பி, உங்கள் இழப்பு பெரியது. அந்த மே மாதத்தில் நான் ஆக்சிஜன் வார்டில் இருந்தேன். நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் இந்தப் பையன் மாட்டியிருக்கிறான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கொரோனாவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உதவியதை இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை, கெடுதல் செய்யலாம் என்ற பக்கமாகவே அந்த எண்கள் சாய்ந்திருந்தன. ஒரே மருந்து, ஒரே அளவு. கொடுத்த கட்டம்தான் வேறு. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது, அப்போது சைட்டோகைனைக் குறைத்தால் வைரஸுக்குத்தான் வழி விடுகிறோம். இரண்டாம் வாரத்தில் வைரஸ் குறைந்த பிறகும் அழற்சி அடங்காமல் நுரையீரலை நனைத்துக்கொண்டே போனால், அதை அடக்கித்தான் ஆக வேண்டும்.

அதே 2020இல் வந்த இன்னொரு ஆய்வு என் மனதைவிட்டுப் போகவே இல்லை. கொரோனா நிமோனியா முற்றிய 987 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அதில் 101 பேருக்கு அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி இருந்தது. கிருமி வருவதற்கு முன்பே சில பேர் ரத்தத்தில் அது இருந்திருக்கிறது. ஆரம்பத்தில் தடுக்க வேண்டியது தடுக்காமல் போனதால் வைரஸ் கட்டுப்பாடில்லாமல் பெருகி, பின்னால் அழற்சி அந்த அளவுக்கு வெடித்திருக்கிறது. புயல் என்று நாம் பார்த்தது சில பேரிடம் முதல் நாள் பலவீனத்தின் விளைவு. உங்கள் டாக்டர் சொன்னதும் பொய்யில்லை, மாடி வீட்டுப் பெண் சொன்னதும் பொய்யில்லை. எந்த நாளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

வியாசர்பாடி தம்பி
புதன், மாலை 4.05

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்போது ஆக்சிஜன் 97. வாங்கி வந்தது நான்தான். காய்ச்சல் அன்றைக்கே விட்டது. எட்டாம் நாள் 82. இத்தனை நாளும் மருந்து போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வார்டு அக்கா
புதன், மாலை 4.30

தம்பி, ஒருவருடைய சாவுக்கு இதுதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த மாத்திரை சாப்பிடாமலே அதே எட்டாம் நாளில் விழுந்தவர்களையும் நான் தூக்கியிருக்கிறேன். டாக்டர் எழுதியதைத் தம்பி வாங்கி வந்தீர்கள். அதை நீங்கள் சுமக்காதீர்கள். எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், ராத்திரி பேசலாம்.

மாடி வீட்டு மாணவி
புதன், மாலை 6.15

மாமா இந்தப் பக்கத்தைக் காட்டினார், அதனால் நானும் எழுதுகிறேன். சைட்டோகைன் எவ்வளவு பலமானது என்று தெரிய வைரஸைக் கேட்டாலே போதும். மிகச் சின்ன மரபணுத் தொகுப்பு வைத்துக்கொண்டு, அதிலும் ஒரு பங்கை நம் இன்டர்ஃபெரானை ஏமாற்றவே அது செலவழிக்கிறது. ஃப்ளூ வைரஸ் தன் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஒரு புரதத்தால் மூடி மறைக்கிறது. வாக்சினியா வைரஸ் இன்டர்ஃபெரானைப் பிடித்து வைக்கும் போலி ஏற்பிகளைச் செய்து வெளியே விடுகிறது. டெங்கு வைரஸின் என்.எஸ்.5 என்ற புரதம், இன்டர்ஃபெரான் சொன்ன செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்-2 என்ற புரதத்தையே அழித்துவிடுகிறது. மாமா, இது உங்களை எடுக்கச் சொன்ன என்.எஸ்.1 சோதனையில் தேடும் புரதம் இல்லை, அது வேறு.

மணலி மருமகள்
புதன், மாலை 7.00

என் மாமியாருக்கு முடக்குவாதம். டி.என்.எஃப்.ஐ முடக்கும் ஊசி போடுவதற்கு முன்னால் டி.பி. சோதனையும் ஹெபடைட்டிஸ்-பி சோதனையும் கட்டாயம் என்றார்கள். மூட்டு வலிக்கு ஊசி, இது எதற்கு என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. டி.என்.எஃப்.ஐ நிறுத்தினால் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற கிருமி எழுந்துவிடும் என்பதால்தான் என்று இங்கே படித்த பிறகு புரிகிறது.

கல்மண்டபம் மாமா
புதன், இரவு 8.20

என்.எஸ்.1 பாசிட்டிவ். பிளேட்லெட் 1,42,000. ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 36 சதவீதம். டாக்டர் செட் காகிதத்தைப் பார்த்துவிட்டு அக்காவைத் திட்டவில்லை, இனிமேல் பெயர் இல்லாத மாத்திரை வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பாராசிட்டமால் எடைக்குத் தகுந்தபடி எழுதியிருக்கிறார். பாராசிட்டமாலும் காய்ச்சலை அமுக்குகிறதே, அது மட்டும் பரவாயில்லையா? நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா?

பெரம்பூர் டீச்சர்
புதன், இரவு 8.55

நல்ல கேள்வி. பாராசிட்டமால் மூளையில் புராஸ்டாகிளாண்டின் சுரப்பதைக் குறைக்கிறது. இன்டர்ஃபெரானும் டி.என்.எஃப்.பும் உடம்பில் இருந்தபடியே வேலை பார்க்கும், வெப்பமும் வலியும் கொஞ்சம் தணியும். ஸ்டீராய்டு செல்லின் உட்கருவுக்குள் போய் அந்தச் சைட்டோகைன்களை எழுதுகிற மரபணுக்களையே அடக்கிவிடும். காய்ச்சலுக்கும் ஒரு பயன் உண்டு. சளி வைரஸ் ஒன்றை 33 டிகிரி செல்சியஸிலும் 37 டிகிரியிலும் வளர்த்துப் பார்த்தார்கள். 37இல் செல்லின் இன்டர்ஃபெரான் வேலை வலுவாக இருந்தது, வைரஸ் திணறியது. மூக்கு நுனி குளிர்ச்சியாக இருப்பது அதற்கு வசதி. ஆனால் 103இல் ஒரு பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தால், காய்ச்சலைக் கொஞ்சம் இறக்கிக் கஞ்சியும் தண்ணீரும் உள்ளே போக வைப்பதுதான் அதிக லாபம்.

நிலவேம்பை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். குமட்டலோடு இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கசப்பை ஊற்றி வாந்தி எடுக்க வைத்துவிடாதீர்கள்.

வார்டு அக்கா
புதன், இரவு 9.30

டெங்கு என்று தெரிந்துவிட்டது, இனி என் பேச்சை அக்கா கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது என்றால் வியாழன், வெள்ளியில் காய்ச்சல் விடும். வீடே நிம்மதியாகிவிடும். டெங்குவில் ஆபத்து தொடங்குவது அப்போதுதான். ரத்தத்தில் வைரஸ் இறங்கிக்கொண்டிருக்கும். சைட்டோகைன்களும் வைரஸின் என்.எஸ்.1 புரதமும் சேர்ந்து ரத்தக் குழாயின் உள்சுவரை நெகிழ வைத்திருக்கும். டீச்சர் சொன்ன, வெள்ளணு வெளியேறுவதற்கான அதே நெகிழ்வு அளவு மீறிப் போகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும். முன்பு ஒரு வகை டெங்கு வந்து, இப்போது வேறு வகை வந்திருந்தால் இது கடுமையாக வர வாய்ப்பு அதிகம். பழைய ஆன்டிபாடி வைரஸைத் தடுக்காமல் செல்லுக்குள் ஏற்றிவிடும்.

எல்லோரும் பிளேட்லெட்டையே கேட்பார்கள். நீங்கள் ஹீமட்டோகிரிட்டையும் கேளுங்கள். நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அது ஏறும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிப்பு, சிறுநீர் குறைவது, பிள்ளை ஒரு மாதிரி சோர்ந்து பதில் சொல்லாமல் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் நடு ராத்திரி என்று பார்க்காமல் ஆட்டோ பிடியுங்கள். புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். ஸ்டீராய்டால் டெங்குவில் பலன் என்று நிரூபணம் இல்லை. கசிகிற நேரத்தில் காப்பாற்றுவது அளந்து ஏற்றுகிற டிரிப்தான்.

கல்மண்டபம் மாமா
வெள்ளி, காலை 7.10

நேற்று ராத்திரி காய்ச்சல் விட்டது. காலையில் இட்லி கேட்டான். அக்கா சாமிக்கு விளக்கு ஏற்றியிருக்கிறார்.

கல்மண்டபம் மாமா
வெள்ளி, மாலை 5.35

மதியத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு வாந்தி. உடம்பில் சூடே இல்லை. அக்கா இட்லி செரிக்கவில்லை என்றார். நான் வார்டு அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஆட்டோவில்தான் இருக்கிறோம்.

கொருக்குப்பேட்டை லேப்
வெள்ளி, மாலை 5.37

போனதும் முதலில் ஹீமட்டோகிரிட் எடுக்கச் சொல்லுங்கள். புதன்கிழமை 36 இருந்தது என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள்.

கல்மண்டபம் மாமா
திங்கள், இரவு 8.45

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை ஹீமட்டோகிரிட் 44. பிளேட்லெட் 61,000. உடனே படுக்க வைத்து டிரிப் போட்டார்கள். முதல் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்து டிரிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை மதியம் சிறுநீர் நன்றாகப் போனது. நேற்று ஹீமட்டோகிரிட் 37க்கு இறங்கிவிட்டது. பிளேட்லெட் ஏற்றவே இல்லை, தானாக ஏறுகிறது.

ஒரே ஒரு கேள்வி. இன்று காலையிலிருந்து கால் இரண்டும் சிவந்து, நடுநடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. உள்ளங்கையும் பாதமும் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருக்கிறான். அலர்ஜியா?

வார்டு அக்கா
திங்கள், இரவு 9.02

டெங்கு தேறும்போது வருகிற தடிப்பு அப்படித்தான் இருக்கும், சிவப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டு. சில நாளில் தானாகப் போய்விடும். நகத்தை வெட்டிவிடுங்கள், கலமைன் லோஷன் தடவலாம். மறுபரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இன்றைக்கு என்ன சாப்பிட்டான்?

கல்மண்டபம் மாமா
திங்கள், இரவு 9.10

ரசம் சோறு. காசிமேட்டு அண்ணன் நெத்திலி கொடுத்து அனுப்பியிருக்கிறார், நாளைக்குக் குழம்பு வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.